வலி இல்லேன்னா நோய் இல்லையா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எங்க நாத்தனாருக்கு ரத்தக் கொதிப்பு. "தலைவலியே இல்லை, எதுக்கு மாத்திரை?"ன்னு பாதியில நிறுத்திட்டாங்க. ஆறு மாதத்தில் பக்கவாதம் வந்தது. கறவை மாடு வாங்க எடுத்த குழுக்கடன் ஆஸ்பத்திரிக்கே போயிடுச்சு. இன்றும் வலது கை வரவில்லை.

ரத்தக் கொதிப்பு பெரும்பாலும் அறிகுறி காட்டாது, அளந்தால்தான் தெரியும். 140/90 அல்லது அதற்கு மேல் திரும்பத் திரும்ப இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. ஊறுகாய், கருவாடு, அப்பளத்தைக் குறைப்போம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு உப்பு மொத்தமே 5 கிராமுக்குள் போதும்.

30 வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை இலவசம். சேமிப்பை வாரம் தவறாமல் பாஸ்புக்கில் எழுதுகிறோமே, அதன் கடைசிப் பக்கத்தில் நம்ம ரத்தக் கொதிப்பு அளவையும் எழுதி வைப்போம்.