தெளிந்த தண்ணீரிலும் தீங்கு உண்டு

(கம்போங் மேடான் தொழிலாளர் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



இந்தக் கம்போங் மேடானில் குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. ஆனால் நம்மில் பலருக்கு உற்றார் உறவினர் இன்னும் தோட்டப்புறங்களில் இருக்கிறார்கள். கிணற்றை நம்பி வாழும் குடும்பங்களுக்காகவே இன்று பேசுகிறேன்.

கலங்கிய தண்ணீரைக் கண்டால் நாம் வடிகட்டுகிறோம், காய்ச்சுகிறோம். நல்ல பழக்கந்தான். ஆனால் நைட்ரேட் என்ற உப்புக்கு நிறமில்லை, மணமில்லை. காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் சாகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய, மிச்சமுள்ள நீரில் அதன் அளவு கூடவே செய்யும்! துணியில் வடிகட்டினாலும், குளோரின் போட்டாலும் அது போகாது.

இது எங்கிருந்து வருகிறது? மரத்துக்குப் போடும் உரத்திலிருந்து வருகிறது. கக்கூஸ் குழியிலிருந்தும் மாட்டுக் கொட்டகையிலிருந்தும் வருகிறது. ரப்பர்ப் பால் உறையாதிருக்க அமோனியா சேர்க்கிறோமே, அந்த ஆலைக் கழிவு நிலத்தில் ஊறினால், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றிவிடும். மழை அதைக் கிணற்றுக்குக் கொண்டு சேர்க்கும்.

இதனால் பெரியவர்களைவிட ஆறு மாதத்துக்குட்பட்ட புட்டிப்பால் குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம். குழந்தையின் உடலில் அது நைட்ரைட்டாக மாறி, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியைக் கெடுக்கிறது. உதடும் நகமும் நீலம் பூக்கும். 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டாக்டர் ஹண்டர் காம்லி இதைக் கண்டு எழுதினார். அவர் காட்டிய காரணம் பண்ணைக் கிணற்று நீர்.

அயோவா தூரம் என்று எண்ண வேண்டாம். நம் நாட்டு ரயில்வேயிலும் தோட்ட ஆபீஸ்களிலும் வேலை செய்ய அந்நாளில் பலர் வந்தார்களே, அந்த யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். அங்கே வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறும் கிணற்று நீரே கதி. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் போட்ட உரமும், வீட்டுக் கக்கூஸ் குழிகளும் சேர்ந்து, வலிகாமம் பகுதியில் பல கிணறுகளில் நைட்ரேட்டை அளவுக்கு மேல் ஏற்றிவிட்டன. உழைத்துப் பயிர் செய்த மக்களின் குடிநீருக்கே கேடு வந்தது!

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. பரிசோதனைத் தாள் வந்தால் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட். அதையே நைட்ரஜன் கணக்கில் எழுதினால் சுமார் 11தான். எந்தக் கணக்கு என்று பார்க்காமல் "20தானே, பயமில்லை" என்று கோப்பில் வைத்துவிட்டால், நஷ்டம் குழந்தைக்கு.

தாய்மார்களே! தாய்ப்பால் கொடுங்கள். புட்டிப்பால்தான் என்றால், சோதிக்காத கிணற்று நீரில் மாவைக் கரைக்காதீர்கள். குழந்தையின் உதடு நீலமானால் நாட்டு வைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அங்கே இதற்கு மருந்து உண்டு.

தோழர்களே! வீடு கொடுக்கும் முதலாளி போதிய குழாய்த் தண்ணீரையும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் சொல்கிறது. ஆகவே நாம் கேட்பது தயவு அல்ல, உரிமை. குழாய் வரும்வரை கிணற்று நீரைச் சோதிக்கச் சொல்லுங்கள். முடிவைத் தமிழில் எழுதி லயத்தில் ஒட்டச் சொல்லுங்கள். உரக் கொட்டகையும் கக்கூஸ் குழியும் கிணற்றைவிட்டுத் தள்ளியிருக்கட்டும்.

கூலி உயர்வுக்காக ஒன்றுகூடும் நாம், குழந்தை குடிக்கும் தண்ணீருக்காகவும் ஒன்றுகூடுவோம்.