சுருளும் சமன்பாடும்

(கல்விச் சங்க வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

   

விழா மேடையில் கணக்குப் பாடமா என்று சிலர் எண்ணக்கூடும். இது நம் பிள்ளைகளின் வாழ்வைப் பற்றிய கணக்கு.

சானமாவிலிருந்து நம் இளைஞர்கள் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு நாள்தோறும் சென்று வருகின்றனர். அவர்களுள் லேத் எந்திரத்தில் பணிபுரிவோர் மூன்று தாடைச் சக்கை நன்கறிவர். சாவியை ஓரிடத்தில் திருகினால் மூன்று தாடைகளும் ஒரே அளவாக நடுவை நோக்கி நகர்கின்றன. எவ்வாறு? உள்ளே ஒரு தட்டு. அதன் முகத்தில் ஒரு சுருள் பள்ளம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் தனி நூலாகவே ஆராய்ந்த சுருள் அது. கோணம் கூடக்கூட, அதே விகிதத்தில் நடுவிலிருந்து தொலைவும் கூடும். ஒரு சுற்றுக்கு 6 மில்லிமீட்டர் எனில், எங்குத் தொடங்கினாலும் கால் சுற்றுக்கு ஒன்றரை மில்லிமீட்டரே.

இதைக் கணினியில் வரையச் சமன்பாடே போதும். 6-ஐ 2பையால் வகுத்தால் ஏறத்தாழ 0.955. அதனைக் கோணத்தால் பெருக்கினால் தொலைவு. அத்தொலைவைக் கோசைனால் பெருக்கினால் கிடை அளவு. சைனால் பெருக்கினால் செங்குத்து அளவு.

முதன்முறை ஒரு மாணவனோடு அமர்ந்து, ஒரு சுற்றுக்காக 360 என்று இட்டோம். திரையில் ஐம்பத்தேழு சுற்றுகள் கொண்ட சிலந்திவலை எழுந்தது! அந்த மென்பொருள் கோணத்தை ரேடியனில் கேட்டிருந்தது. 6.283 என்று திருத்தியதும் ஒரு சுற்று தெளிவாக வந்தது. தேர்வுக்காக மட்டும் படித்த ரேடியன் அன்று உயிர்பெற்றது.

சுவிட்சர்லாந்துக் கணித மேதை ஜேக்கப் பெர்னூலி 1705-இல் மறைந்தார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மடங்கில் பெருகிச் செல்லும் மடக்கைச் சுருளைத் தம் கல்லறையில் செதுக்க வேண்டுமென விரும்பியிருந்தார். பாசல் நகரப் பேராலயத்தில் அக்கல் இன்றும் உள்ளது. செதுக்கப்பட்டதோ ஆர்க்கிமிடீசின் சம இடைவெளிச் சுருள்! கல்தச்சனின் கைத்திறனில் குறையில்லை. இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் இல்லை போலும்.

நம் நிலையும் அதுவன்றோ? கல்லுடைத்தோம், தோல் பதனிட்டோம், ஏர் பிடித்தோம். கைத்திறனில் எவருக்கும் குறைந்தோமல்லோம். ஆயினும் வரைபடம் பிறர் கையிலிருந்தே வந்தது. வெட்டும் வேலை மட்டுமே நம் பங்காயிற்று. அண்ணல் அம்பேத்கர் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தது இப்பிரிவினையை உடைக்கவே என்று கொள்வோம்.

இளைஞர்களே! கணக்கு நமக்கு வராது என்று பிறர் சொன்னதை நாமும் சொல்ல வேண்டா. ஃப்ரீகேட் போன்ற மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. பணிமுடிந்து வரும் அண்ணன், பள்ளி செல்லும் தங்கையிடம் ரேடியனைக் கேட்டறிவதில் இழுக்கில்லை. பெற்றோர்களே! பெண் மக்களின் படிப்பைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தி விடாதீர்கள்.

அடுத்த விழாவிற்குள், சக்கைத் திருகும் கை அதன் சுருளை வரையும் கையாகவும் உயர்வதாக!