வீடு தவறினால் பணமும் போக வேண்டுமா?

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோட்டத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போகும். 60 வயதில் ஓய்வு பெறும்போது சாவியையும் ஒப்படைக்க வேண்டியவர்கள் நாம். ஆகவே சொந்த வீடு நமக்கு ஆடம்பரம் அல்ல. முதுமையில் தலைசாய்க்க ஓர் இடம்.

அந்த வீட்டை வாங்கப் போய், பேங்குக் கடன் கிடைக்காமல் திரும்பியவர்கள் நம்மிடையே உண்டு. “பட்டது போதும்” என்று சிலர் ஒதுங்கிவிடுகிறார்கள். கட்டிய பணத்தையும் மறந்துவிடுகிறார்கள். இரண்டும் கூடாது என்று சொல்லவே வந்தேன்.

சட்டம் என்ன சொல்கிறது? தீபகற்ப மலேசியாவில் மேம்பாட்டாளர் விற்கும் புது வீட்டுக்கு, 1966ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் ஒப்பந்தப் படிவம் வகுக்கப்பட்டிருக்கிறது. கையெழுத்திடும்போது விலையில் நூற்றுக்கு 10 கட்டுகிறோம். பிறகு வருமானம் போதாதென்று கடன் மறுக்கப்பட்டு, அதற்கு நாம் அத்தாட்சியும் காட்டினால், மேம்பாட்டாளர் விலையில் நூற்றுக்கு 1 மட்டுமே எடுத்துக்கொள்ளலாம். மீதியை, ஒப்பந்தம் முறிந்த 30 நாளில் திருப்பித் தர வேண்டும்.

நம் பால்மரத் தொழிலாளி ஒருவரின் கணக்கைக் கேளுங்கள். வீட்டின் விலை 240,000 வெள்ளி. கட்டியது 24,000. மழைக்காலத்துச் சம்பளச் சீட்டைப் பார்த்துப் பேங்கு கையை விரித்தது. “முன்பணம் திரும்பாது” என்றார் விற்பனையாளர். பேங்கு மறுத்த காரணத்தை எழுத்தில் வாங்கி, ஒப்பந்த விதியைச் சுட்டிக் கடிதம் போட்டோம். 2,400 போக 21,600 வெள்ளி வந்து சேர்ந்தது. வாய்ச்சொல் காற்றோடு போகும், தோழர்களே, கடிதம் நிற்கும்!

அப்படியும் தர மறுத்தால்? வீடு வாங்குவோருக்கான நடுவர் மன்றம் 2002 முதல் இயங்குகிறது. ஒப்பந்தம் முறிந்த 12 மாதத்திற்குள் மனுச் செய்யுங்கள். பொதுவாக அங்கே வழக்கறிஞர் தேவையில்லை.

இனி, இரண்டாம் முறை வீடு தேடுவோருக்கு ஒரு வார்த்தை. முதலில் பேங்கு, பிறகு ஒப்பந்தம், கடைசியில் பணம். இந்த வரிசை மாறக் கூடாது. ஒப்பந்தத்திற்கு முன் ‘புக்கிங்’ என்று பணம் வசூலிக்க மேம்பாட்டாளருக்கு உரிமை இல்லை.

சம்பளச் சீட்டு எழுதும் கிராணி என்ற முறையில் சொல்கிறேன்: மழை மாதமும் நல்ல மாதமும் ஒன்றல்ல. ஆகவே ஓராண்டுச் சீட்டுகளையும் சேமநிதி அறிக்கையையும் சேர்த்துக் காட்டுங்கள். பழைய தவணைப் பாக்கி இருந்தால் முன்பே தீருங்கள். நிலையான வருமானச் சான்று இல்லாதவர்களுக்காகப் பேங்குக்கு உத்தரவாதம் தரும் அரசாங்கத் திட்டம் 2008 முதல் உண்டு, அதைக் கேளுங்கள். சேமநிதியில் ‘செஜாத்ரா’ கணக்கிலிருந்தும் வீட்டுக்குப் பணம் எடுக்கலாம்.

பிறர் குடியிருந்த வீட்டை வாங்குவோர் கூடுதல் கவனமாக இருங்கள். நான் சொன்ன படிவம் அங்கே பொருந்தாது. கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்பும் என்று எழுதி வாங்காமல் ஒரு காசும் நீட்டாதீர்கள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. நம் பெரியவர்கள் சிறுகச் சிறுகப் பங்கு கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். அவர்கள் பிள்ளைகளான நாம் ஒரு வீட்டுக்கு மனம் தளரலாமா? கையில் உள்ள ஒப்பந்தங்களைக் கிளைச் செயலாளரிடம் கொண்டு வாருங்கள். சேர்ந்து படிப்போம், சேர்ந்து கேட்போம்.