முளையிலே களைதல்



திருக்கோயிற்பணி என்றவுடன் பலர் உள்ளத்தில் எழுவன வானளாவிய கோபுரமும் பொற்கலசமும் குடமுழுக்கு விழாவுமேயாம். ஆனால் திருநாவுக்கரசர் பெருமான் தம் திருக்கரத்தில் ஏந்தியது உழவாரப்படை. திருச்சுற்றில் முளைக்கும் புல்லையும் முட்செடியையும் செதுக்கும் சிறு கருவி அது. அவர்தம் தமக்கையார் திலகவதியார் திருவதிகையில் மேற்கொண்ட தொண்டோ அலகிடுதலும் மெழுகிடுதலுமாம். இச்சிறு பணிகளைச் சேக்கிழார் பெருமான் பெருந்தொண்டாகப் போற்றியதன் காரணம் யாது?

விடை கோபுரத்தின் மேலேயே உள்ளது. அரசம்பழம் உண்ட பறவை ஒன்று சுதைச் சிற்பத்தின் இடுக்கில் எச்சமிடுகின்றது. மாரிக்காலத்தில் அவ்வித்து முளைத்துத் தளிர் விடுகின்றது. அன்று அதனைக் களைய இரு விரல்களே போதும். சில ஆண்டுகள் வாளாவிருப்பின், வேர் சுண்ணச்சாந்தைப் பிளந்து உட்புகும். வேர் திறந்த வழியே மழைநீர் இறங்கும். நீர் சென்ற வழியே சாந்து கரைந்து செங்கல் நெகிழும். அந்நிலையில் மேலே தெரியும் கிளையை வெட்டுதலால் பயனில்லை. அது மீண்டும் தழைக்கும். வேரைக் களைய வேண்டின் சுவரையே பிரித்தல் வேண்டும்.

கருவறையிலும் இஃதே நிலை. கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு முதலிய எண்பொருள்களால் ஆகிய அட்டபந்தனம், திருமேனியைப் பீடத்தோடு பொருத்துவது. அது நெகிழுமாயின் திருமஞ்சன நீர் அடியிற் புகும். ஆதலின் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைப் புதுக்கும் வழக்கம் ஏற்பட்டது. அதுவரை கோயிலைப் பாராதிருக்கலாம் என்பது அவ்வழக்கத்தின் பொருளன்று.

கண்ணப்பர் வழிபட்ட திருக்காளத்தியில், கிருட்டிணதேவராயர் 1516-ஆம் ஆண்டில் எழுப்பிய இராசகோபுரம் 2010-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள் சரிந்து வீழ்ந்தது. வீழ்வதற்கு முன்னரே அதிற் பிளவுகள் காணப்பட்டிருந்தன. புதிய கோபுரம் எழுந்து, 2017-ஆம் ஆண்டில் குடமுழுக்கும் கண்டது. எனினும், ஏறத்தாழ 500 ஆண்டுகள் நின்ற அப்பழைய கோபுரத்தை எத்துணைப் பொன் கொடுத்தும் மீளப் பெறல் இயலுமோ?

குடமுழுக்கிற்கு வாரி வழங்கும் வள்ளல்கள் பலர்; அவர்தம் பெயரும் கல்லிற் பொறிக்கப்பெறும். ஆண்டுதோறும் மழை ஓய்ந்தபின் கோபுரமேறிச் செடி களைவோனுக்குக் கூலி அளிப்போர் மிகச் சிலரே. பெயர் பொறித்த கல்லும் அக்கோபுரத்தின் நிழலில்தான் நிற்கின்றது என்பதை எண்ணுதல் வேண்டும். அறம் செய்யும் அன்பர்கள் தம் கொடையில் ஒரு பகுதியை ஆண்டுப் பராமரிப்பிற்கென வைப்பு நிதியாக்குவாராக. மழைக்கு முன் நீர்போகும் வழிகளைத் துப்புரவு செய்தலும், மழைக்குப் பின் செடிகளைக் களைதலும் தவறாது நடைபெறுமாயின், இன்று செய்த திருப்பணி பேரர் காலத்தும் நிலைக்கும்.

உள்ளமும் இறைவன் உறையும் கோயிலேயன்றோ? அங்கு முளைக்கும் சினத்தையும் பொறாமையையும் முளைத்த அன்றே களைவார்க்குத் துன்பமில்லை. வேரோட விட்டார்க்கோ சுற்றமும் நட்பும் பிளவுறும். புறக்கோயிலையும் அகக்கோயிலையும் நாள்தோறும் நோக்கிக் காத்தலே நாவுக்கரசரின் உழவாரப்படை நமக்கு உணர்த்தும் நெறியாம்.

திருச்சிற்றம்பலம்.