மரத்துக்கு உண்டு, கைக்கு?

முன்கையில் மாசக்கணக்காக விடாத வலியைப் பற்றி நேயர்களிடம் பேசச் சொன்னார்கள். பாறசாலையில் பிசியோதெரபி பார்ப்பவன் நான். ரப்பர் வெட்டை விட்டுவிட்டு வேறெங்கே தொடங்க?

வெள்ளறடைப் பக்கத்து அண்ணன் ஒருவர் வந்தார். "சாரே, எனக்க கையி சாயா கிளாஸைக்கூடத் தூக்கமாட்டேங்குது." முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் விரல் வைத்ததும் துள்ளிவிட்டார். டென்னிஸ் எல்போ! டெண்டுல்கர் 2005இல் லண்டனில் ஆபரேஷன் செய்துகொண்டாரே, அதேதான். இவர் டென்னிஸ் மட்டையை டிவியில்தான் பார்த்திருப்பார். மணிக்கட்டை நிமிர்த்துகிற தசைகள் அந்த எலும்பு முனையில்தான் பிடித்திருக்கின்றன. எதை இறுக்கிப் பிடித்தாலும் அங்கே இழுக்கும்.

தைலம், உழிச்சல் எல்லாம் ஆயிற்று. ஸ்டீராய்டு ஊசியும் போட்டிருக்கிறார். வலி போனது, மறுநாளே தோட்டத்துக்குப் போனார். சில வாரத்தில் வலி முன்னைவிட மோசமாகத் திரும்பியது. அந்த ஊசிக்கு இப்படியொரு குணம் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

"கத்தியைக் கொண்டு வாங்கண்ணே" என்றேன். வாய் மழுங்கியிருந்தது. மழுங்கின கத்தி பட்டையைச் சீவாது, பிய்க்கும். விடியுமுன் நெற்றியில் விளக்கோடு முந்நூறு மரம்! பிய்க்கிற பலமெல்லாம் முழங்கையைத்தானே சேரும்? நான் கொடுத்த முதல் மருந்து சாணைக்கல்.

"ஒரே மரத்தை தினமும் வெட்டுவீங்களா?"

"அய்யோ சாரே, பட்டமரப்பு வந்து பால் நின்னிரும். ஒருநாள் விட்டு ஒருநாள்தான்."

"அந்த மத்த நாள்?"

"அடுத்த தோட்டம்."

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

இரண்டாவது தோட்டத்தைக் கொஞ்சநாள் மச்சினனிடம் விட்டார். அதற்காகக் கையைக் கட்டித் தொங்கவிடச் சொல்லவில்லை. மேசையில் முன்கை, விளிம்புக்கு வெளியே மணிக்கட்டு, புறங்கை மேலே, பிடியில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். மற்றக் கையால் தூக்கிவிட்டு, வலிக்கிற கையால் மட்டும் நாலு எண்ணுகிற வரை மெல்ல இறக்க வேண்டும். பதினைந்து தடவை, மூன்று சுற்று. லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் கூடியிருந்தால் தண்ணீரைக் குறையுங்கள். அவருக்கு மூன்று மாசம் பிடித்தது.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. விரல் மரத்தாலோ, கழுத்திலிருந்து வலி இறங்கினாலோ பாட்டிலை நம்பாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். மற்றவர்களுக்கு, இலை உதிர்ந்து வெட்டு நிற்கிற வாரங்கள் வருகின்றன. மரம் துளிர்ப்பதற்குள் உங்கள் கையும் தேறட்டும்.