கதவோரத்து இறப்பர்



மாத்தளை மாவட்டத்திலே கலேவலைக்கு அண்மையில் அமைந்த சிற்றூர் வஹகோட்டை. போர்த்துக்கேயர் வழிவந்தோர் எனச் சொல்லப்படும் கத்தோலிக்கக் குடிகள் வாழும் ஊர் அது. யூன் மாதத்தில் அங்குள்ள புனித அந்தோனியார் திருத்தலத்தை நாடித் திரளும் யாத்திரிகர்க்கு, வழிபாட்டுக்கு அடுத்தபடியாக வேண்டுவன நிழலும் குளிர்ந்த பானமுமே. இத்தகைய திருவிழாக்களில் வைப்பதற்கென்று, நாணயம் இட்டாற் போத்தல் தரும் பழைய சோடாப் பெட்டியொன்றைத் தேடிப் பிடித்துச் சீராக்க விழைவோர் உளர். அவர்களிற் பலர் முதலில் வர்ணத்தையே வாங்குவர். வர்ணம் காத்திருக்கலாம். கதவைச் சுற்றியோடும் இறப்பர் காத்திருக்காது.

ஏன் என்பீர்களாயின், நம் நாட்டுக் காற்று ஈரம் மிக்கது. 30 பாகை வெப்பமும் நூற்றுக்கு 80 ஈரப்பதமும் உள்ள காற்று, 26 பாகை அளவுக்குக் குளிர்ந்தாலே நீர்த்துளியாகிவிடும். பெட்டியின் உள்ளேயோ 4 பாகை. விரற்கடை வெடிப்பு வழியே நுழையும் காற்று தன் ஈரத்தையெல்லாம் குளிர்க்குழாயின் மேற் பனியாக இறக்குகின்றது. பனி தடித்தால் குளிர் பரவாது, கம்பிரசர் ஓய்வின்றி ஓடும், மின்கட்டணம் ஏறும், சோடாவோ வெதுவெதுப்பாகவே இருக்கும்.

கண்ணாடிக் குண்டு உருளும் சோடாப் போத்தலை நினைவுகூருங்கள். 1872ஆம் ஆண்டில் ஹைரம் கொட் என்னும் ஆங்கிலேயர் ஆக்கவுரிமை பெற்ற அப்போத்தலில், உள்ளிருக்கும் வாயுவே குண்டைத் தள்ளிக் கழுத்திலுள்ள இறப்பர் வளையத்தோடு அழுத்துகின்றது. பெட்டிக் கதவுக்கு அந்த உதவி கிடையாது. பிணைச்சலும் தாழ்ப்பாளுமே அழுத்தவேண்டும். ஆகவே கதவு கோணியிருந்தால் அதை நிமிர்த்திய பின்னரே இறப்பரை நினைக்கவேண்டும்.

பழைய இறப்பரை எறிந்துவிடாதீர்கள். ஒரு துண்டை வெட்டி, அதன் குறுக்குவெட்டைப் பார்த்தே புதியதைத் தெரிவுசெய்தல் வேண்டும். புதியது சுருண்டிருந்தால் வெந்நீரில் இட்டு நெகிழச் செய்யலாம். மூலைகளை முதலிற் பொருத்தி, இடைப்பகுதியைப் பின்னர் அமர்த்துக. நீளம் போதவில்லையென்று இழுத்து ஒட்டுவது பெருங்கேடு. இழுத்த இறப்பர் சில நாளிற் சுருங்கி, மூலையில் வாய்பிளக்கும். பளபளப்புக்காக எண்ணெய் பூசுவோரும் உண்டு. இயற்கை இறப்பர் எண்ணெயில் ஊறிப் பருத்துக் கெடும். சவர்க்கார நீரே போதும்.

பின்பு சோதனை. ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். நாற்புறமும் ஒரே இறுக்கத்தோடு வரவேண்டும். இருட்டிலே உள்ளே மின்சூளை எரியவிட்டு, வெளியே ஒளிக்கீற்றுத் தெரிகிறதா எனப் பார்ப்பதும் நல்ல முறை. ஆனால் சிறுவனொருவனை உள்ளே நிறுத்தி, வெளிச்சம் வருகிறதா என்று கேட்பது மட்டும் ஒருபோதும் வேண்டாம்.

இதை வற்புறுத்தக் காரணமுண்டு. பழைய தாழ்ப்பாள்களை உள்ளிருந்து திறக்க முடியாது. இறப்பர் எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறதோ அவ்வளவுக்குக் காற்றும் நுழையாது. உள்ளிருந்து எழும் கூக்குரலும் வெளியே எட்டாது. ஒளிந்து விளையாடச் சென்ற குழந்தைகள் பலர் அமெரிக்காவிலே இவ்விதம் மாண்டனர். அதன் பின்னரே, 1956ஆம் ஆண்டில், வீட்டுக் குளிர்பெட்டிகள் உள்ளிருந்து தள்ளினால் திறக்கவேண்டும் என்று அந்நாட்டிற் சட்டம் பிறந்தது. தாழ்ப்பாளுக்குப் பதிலாகக் காந்தம் பொதிந்த இறப்பர் பரவியதும் அக்காலத்தின் பின்னரே. சோடாப் பெட்டிகளை அச்சட்டம் தொடவில்லை.

எனவே, பெட்டி உங்கள் முற்றத்துக்கு வந்த அன்றே கதவைக் கழற்றி வேறோர் அறையில் வையுங்கள். கழற்ற இயலாதாயின் தாழ்ப்பாளின் நாக்கையாவது எடுத்துவிடுங்கள். இறப்பர் வேலை முடிந்து, பெட்டியுள் போத்தல் தாங்கும் தட்டுகள் நிறைந்து, ஒரு பிள்ளை நுழைய இடமில்லை என்றான பின்பு கதவைத் திரும்பப் பூட்டிக்கொள்ளலாம்.