கலந்தால் கழிவு, பிரித்தால் பொருள்



எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் மின்னாக்கத்தைத் தொடங்கி, 2017-இல் மூடப்பட்டது. உலை அணைந்தது; சாம்பல் அகலவில்லை. அதன் வடக்கே, அத்திப்பட்டில் 1994-இல் தொடங்கிய வடசென்னை அனல்மின் நிலையம் இன்றும் இயங்குகிறது. இந்நாட்டு நிலக்கரி நூறு பங்கு எரிந்தால், ஏறத்தாழ முப்பது முதல் நாற்பது பங்கு சாம்பலாக எஞ்சும். அச்சாம்பல் நீரில் கரைக்கப்பட்டுக் குழாய்வழியே செப்பாக்கத்துச் சாம்பற்குளத்திற்குச் செலுத்தப்பட்டது. குழாய் உடைந்தபோதெல்லாம் சாம்பல் கொற்றலையாற்றில் பாய்ந்தது. இறாலும் நண்டும் விளைந்த கழிமுகம் தூர்ந்தது. வலையை நம்பிய மீனவர் வயிற்றில் அடி விழுந்தது.

அச்சாம்பல் பயனற்றதா? அன்று! நுண்ணிய உலர்சாம்பல், நீரும் சுண்ணாம்பும் சேர்ந்தால் கல்லாய் இறுகும் இயல்பினது. உரோமர் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்பொடு குழைத்துத் துறைமுகங் கட்டியதும் இவ்வியல்பை அறிந்தே. இன்று சாம்பல் கலந்த சிமிட்டியில் நூற்றுக்கு 15 முதல் 35 பங்குவரை இதுவே சேர்கிறது. சாம்பற்கல்லைச் சூளையில் சுட வேண்டுவதில்லை; விறகும் மிஞ்சும், விளைநிலத்து மேல்மண்ணும் மிஞ்சும்.

ஆனால், உலையிலிருந்து உலர்வாகப் பிடித்த சாம்பலே சிமிட்டிக்குச் சிறந்தது. நீரில் கரைத்து, அடிச்சாம்பலொடு கலந்து குளத்தில் கொட்டியபின் அதன் பிணைப்பாற்றல் குன்றுகிறது. பள்ளம் நிரப்பவே பெரிதும் பயன்படுகிறது. ஆகவே, பொருளைக் கழிவாக்கியது நெருப்பன்று, கலப்பே!

இராயபுரத்துப் பழைய வீடுகளும் இதையே உணர்த்துகின்றன. சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய செங்கல்லைத் தட்டினால் சாந்து உதிரும். கல் முழுதாய்க் கைக்கு வரும். தேக்கு உத்தரமும் கதவும் சன்னலும் வேறொரு வீட்டுக்குப் போகும். சிமிட்டிச் சாந்தோ கல்லைவிட்டு நீங்காது. இடித்தால் கல்லே உடையும். முன்னோர் கட்டும்போதே பிரிப்பதற்கும் வழிவைத்திருந்தனர்.

இக்கால இடிபாடும் வீணாக வேண்டியதில்லை. கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மாநகராட்சி அமைத்த ஆலைகள் அதனை அரைத்துச் சல்லியும் மணலும் ஆக்குகின்றன. ஆனால், குப்பையும் ஞெகிழியும் மண்ணும் கலந்து வந்த இடிபாட்டிலிருந்து நல்ல சல்லி எப்படிக் கிடைக்கும்? பேரளவில் இடிப்போர் கற்காரை, மண், இரும்பு மரம் முதலியன, செங்கல் சாந்து என வகைபிரிக்க வேண்டுமென 2016-ஆம் ஆண்டு நடுவணரசு விதிகள் வகுத்தன. சாம்பல் முழுவதையும் பயன்படுத்தும் பொறுப்பை 2021 இறுதியில் வந்த அறிவிக்கை மின்னிலையங்கள்மேல் வைத்தது. ஏட்டிலுள்ள சட்டம் தானே கல்லைச் சுமந்து வாராது!

எனவே, வீடு கட்டுவோர் சாம்பற்கல்லின் உறுதியை ஆய்ந்து கேட்டு வாங்குக! இடிப்போர் இடிக்குமுன்னே பிரித்தெடுக்க! அரசுக் கட்டடங்கள் மீட்ட சல்லியை முதலிற் பயன்படுத்தி வழிகாட்டுக! உலர்சாம்பல் உலையடியிலேயே பிடிக்கப்பட்டுக் கல்லறுப்போர் கைக்குச் செல்க!

திருவொற்றியூரில் எழும் சுவரில் ஏறும் சாம்பல், கொற்றலையாற்றில் இறங்காது. ஒருவர் வீட்டுச் சுவர் மற்றொருவர் வலைக்குக் காவலாகும் வழி இதுவே!